மணி அடிக்காத பெட்டியும் உப்பில்லாத சுண்டலும்

போன மாதச் சங்கடஹர சதுர்த்தி அன்று எங்கள் தெருப் பிள்ளையாருக்கு உப்பில்லாத சுண்டல் படைத்தோம்.

வேண்டுதல் எல்லாம் இல்லை. மறதிதான். யாருடைய மறதி என்பதில்தான் எங்கள் வீட்டில் இன்னும் தீர்ப்பு ஆகவில்லை.

சுண்டலுக்கு முன்னால் பெட்டிக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பெரம்பலூரில் எனக்குப் பூஜை சாமான் கடை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். மகள் மகேஸ்வரி அப்படி இல்லை. இன்ஜினீயரிங் முடித்து, திருச்சியில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பாதி நாள் வீட்டிலிருந்தே. கோயிலில் பூஜை நேரத்துக்குத் தானாக மேளமும் மணியும் அடிக்கிற மெஷின் இருக்கிறதல்லவா... அதை நேரம் பார்த்து ஓட்டுகிற பெட்டிக்கு இவள் புரோகிராம் எழுதுகிறாள். சி என்று ஒரு மொழியாம். பேரே அவ்வளவுதான்.

இந்தத் தடவை முழுசாக இவள் ஒருத்தியே எழுதினாள். முதல் தடவை. ஒரு கோயிலில் மாட்டி, சரியாக ஓடினால் இனி அந்த வேலை இவள் பொறுப்பு. ஓடாவிட்டால் சீனியர் ஒருவர் கைக்குப் போய்விடும். கம்பெனியில் அப்படிச் சொல்லியிருந்தார்கள்.

எந்தக் கோயில்? நம் தெருப் பிள்ளையார் எதற்கு இருக்கிறார்?

கோயில் செயலாளர் செல்வராசுவிடம் போய்ப் பேசினேன். ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்ட் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே பழகிவிட்டவர்.

"மாட்டுங்க கடைக்காரரே. ஆனா சதுர்த்தி அன்னிக்கு அடிக்கலைன்னா பழைய பெட்டியைத் திரும்ப மாட்டிடுவேன். பொண்ணு மனசு கஷ்டப்படும்னுதான் உங்க காதுல மட்டும் சொல்றேன்" என்றார்.

காதில் சொன்னது தெருக்கோடி டீக்கடை வரைக்கும் கேட்டது. மகளுக்கும்தான்.

அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. லேப்டாப்பில் கருப்புத் திரையில் வரிசையாகப் பாஸ்... பாஸ்... பாஸ்... என்று ஓடிக்கொண்டே இருந்தது. நான் போய் லேப்டாப்புக்குத் திருநீறு பூசினேன்.

"மூடி மேல மட்டும் வைங்கப்பா. கீபோர்டுக்குள்ள போயிடும்."

"அது என்னம்மா பாஸ் பாஸ்னு வருது? யாரு பரீட்சை எழுதுறா?"

"என் புரோகிராம்தான். சின்னச் சின்னத் துண்டா எடுத்துத் தனித்தனியா சோதிக்கிறேன். மேளம் தனி, மணி தனி, கடிகாரம் தனி. அதுக்கு அசெர்ட்னு ஒரு மேக்ரோ இருக்கு. நான் எதிர்பார்த்ததும் வந்ததும் ஒண்ணான்னு கேக்கும். ஒண்ணா இருந்தா பேசாம வழி விட்டுடும். இல்லைன்னா எந்த ஃபைல், எத்தனாவது வரின்னு சொல்லிட்டு அங்கயே நின்னுடும்."

"மேக்ரோன்னா?"

லேப்டாப்பை விட்டு என் பக்கம் திரும்பினாள். "கடைக்கு வந்து 'கணபதி ஹோமம் செட்'னு கேட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"மஞ்சள், குங்குமம், சமித்து, நெய், தேங்காய், கொப்பரை, நூல்கண்டு, நவதானியம்..."

"போதும். அவங்க சொல்றது ஒரு வார்த்தை. நீங்க அதை விரிச்சு மேஜை நிறைய வச்சிடுறீங்கல்ல? அதான் மேக்ரோ."

பாருங்கள், முப்பது வருஷமாக நான் மேக்ரோ வியாபாரம் செய்துகொண்டிருக்கிறேன். எனக்கே தெரியாது.

புதுசாகக் கற்றுக்கொண்டதைச் சும்மா வைத்திருக்கிற ஆள் இல்லை நான். மறுநாள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

"சாந்தா, எதிர்பார்த்தது காபி. வந்தது சுக்குத் தண்ணி. ஃபெயில். ஃபைல் – சமையக்கட்டு. வரி – ரெண்டாவது அடுப்பு."

என் மனைவி டம்ளரை வாங்கி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். "எங்கப்பா எதிர்பார்த்தது வாத்தியார் மாப்பிள்ளை. வந்தது விபூதிக் கடை. ஃபெயில்னு நான் ஒரு நாளாவது தெருவுல நின்னு கத்துனேனா?"

மகள் லேப்டாப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சிரித்தாள். பல நாள் கழித்துச் சிரித்தாள் என்பதால் நானும் மானத்தைப் பார்க்கவில்லை.

உண்மையில் எங்கள் வீட்டில் கல்யாணமான நாளிலிருந்து ஒரு அசெர்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சாமிக்குப் படைக்கிறதை முன்னாடி வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது அல்லவா? கண்ணால் பார்க்கலாம், விரலால் நசுக்கிப் பார்க்கலாம். நாக்குக்கு மட்டும் அனுமதி இல்லை. அதனால் பிரசாதம் செய்கிற நாளில் நான் சமையக்கட்டு வாசலில் நின்று, "உப்பு போட்டாச்சா?" என்று ஒரு குரல் கொடுப்பேன். உள்ளேயிருந்து, "ம்... ஆச்சு, ஆச்சு" என்று பதில் வரும். அவ்வளவுதான் என் பங்கு. அதைக் கேட்டுவிட்டு, ஏதோ நானே சமைத்த மாதிரி சட்டை மாட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிடுவேன்.

சதுர்த்தி வந்தது. காலையிலேயே சாந்தா சட்டம் போட்டுவிட்டாள்.

"நாலு நாளா எதிர்பார்த்தது, வந்தது, ஃபைலு, வரின்னு உசிரை வாங்கிட்டீங்க. இன்னிக்குச் சமையக்கட்டுப் பக்கம் வாயைத் திறக்கக் கூடாது."

மகளும் அதே மூடில்தான் இருந்தாள். "நானும் அசெர்ட்டை எல்லாம் அணைச்சுட்டேன்ப்பா. டெஸ்ட்ல மட்டும் இல்ல, ஓடுற புரோகிராம்லயும் அங்கங்க போட்டு வச்சிருப்போம். கோயில்ல போயி அது எத்தனாவது வரின்னு சொல்லிட்டு நின்னா யாருக்குப் புரியும்? வெளிய அனுப்பறப்ப ஒரே வரியில அத்தனையையும் எடுத்துடலாம்."

"எடுத்தா ஒண்ணும் ஆகாதே?"

"வெறும் கேள்விதானேப்பா. கேள்வியை எடுத்தா வேலை நின்னுடுமா?"

நல்ல கேள்வி. அதற்குச் சாயங்காலம் ஆறு மணிக்குப் பதில் கிடைத்தது.

சரியாக ஆறு. பூசாரி தீபாராதனையைத் தூக்கினார். மத்தியானம் மகள் கொண்டுவந்து மாட்டிய பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. மேளம் டம்டம் என்று ஆரம்பித்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாந்தா என் முழங்கையில் இடித்தாள்.

"என்னங்க... மணி?"

மணி அசையவே இல்லை. மேளம் பாட்டுக்கு அடிக்கிறது, மணி மட்டும் தேமே என்று தொங்குகிறது. பூசாரி ஒரு கையில் தீபத்தை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் கைமணியைத் தேடி எடுத்து அடித்து முடித்தார். மகள் தூணோரம் நின்று பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

செல்வராசு என் பக்கம் குனிந்து ரகசியமாகச் சொன்னார். "நாளைக் காலையில ஆறு மணி பூஜை வரைக்கும் பாக்குறேன். அப்புறம் பழசுதான்." தெருவே திரும்பிப் பார்த்தது.

இந்த நேரத்தில்தான் சுண்டல் விநியோகம் ஆரம்பித்தது.

முதல் வாய் போட்டவர் இரண்டாவது வாய் போடவில்லை. ஒவ்வொரு முகமாகக் கோணிக்கொண்டு வந்தது. பூசாரி மட்டும் மென்று விழுங்கிவிட்டு, "பிள்ளையார் ஒண்ணும் சொல்லலை" என்றார். பெரிய மனுஷன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சாந்தா என்னைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாம் உங்களால."

"நான் வாயையே திறக்கலையே?"

"அதான். நீங்க கேக்கலை. அதனால உப்பு போடலை."

"நான் கேக்கறதுக்கும் நீ போடறதுக்கும் என்ன சம்பந்தம்?"

"என்ன சம்பந்தமா? நீங்க 'உப்பு போட்டாச்சா'ன்னு கேப்பீங்க. 'ம்'னுட்டு எடுத்துப் போடுவேன். அப்புறம் 'ஆச்சு'ம்பேன். கல்யாணம் ஆனதுலேருந்து அப்படித்தான். நீங்க கேக்கறதுதான் எனக்கு உப்பு போடற நேரம்."

நான் அப்படியே ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷமும் நான் சரிபார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தது...

"எங்க உடையார்பாளையத்துல உப்பு கம்மியாத்தான் போடுவாங்க" என்று சாந்தா அடுத்த வாதத்துக்குப் போவதற்குள் மகள் எழுந்தே விட்டாள். கையில் உப்பில்லாத சுண்டல்.

"அம்மா, இன்னொரு தடவை சொல்லு. அப்பா கேக்கறப்பதான் போடுவியா?"

"ஆமாம்டி. அதுக்கு இப்ப என்ன?"

சுண்டலை என் மடியில் வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். இரண்டே நிமிஷம். நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். மேளத்துக்கு அவள் இரண்டு வரி எழுதியிருந்தாள். மேளத்தை அடி – அது ஒரு வரி. அடித்ததா என்று கேள் – அது அசெர்ட் வரி. மணிக்கு வரும்போது சோம்பல் பட்டு, 'மணியை அடி' என்பதையே அசெர்ட்டுக்குள் வைத்துவிட்டாள். கேள்வி இருந்தவரைக்கும் மணி அடித்தது, பாஸ் பாஸ் என்றும் வந்தது. கேள்வியை எடுத்தாள். கேள்வியோடு மணியும் போய்விட்டது.

"அச்சு அசலா அம்மா சுண்டல்ப்பா" என்றாள். அம்மாவுக்கு அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று புரியவில்லை.

அந்த வரியை இரண்டாகப் பிரித்தாள். முதலில் அடி, பிறகு கேள். அசெர்ட்டை அணைத்துவிட்டு இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள். மேஜையில் மணிக்குப் பதிலாக வைத்திருந்த பல்பு எரிந்தது. நான் அதற்கும் ஒரு கும்பிடு போட்டேன்.

மறுநாள் விடியற்காலையிலேயே கோயிலுக்குப் போய்ப் புதுப் புரோகிராமைப் பெட்டியில் ஏற்றிவிட்டாள். காலை ஆறு மணி. பிள்ளையாரிடம் எதிர்பார்ப்பது இது என்று வரி வரியாகச் சொல்லித்தான் நான் எப்போதும் கும்பிடுவேன். வராவிட்டால் எந்தச் சன்னதி, எத்தனாவது தேங்காய் என்று கணக்காகக் கோபித்துக்கொள்வேன். அன்றைக்கு அது வாயில் வரவில்லை. கேட்கிறவன் கேட்டுக்கொண்டே இருந்தால் போதுமா? கேள்விக்கு வெளியே நின்று யாராவது ஒருத்தர் வேலையைச் செய்ய வேண்டாமா? அவள் செய்துவிட்டாள். எனவே கையை மட்டும் கூப்பினேன்.

மேளம் அடித்தது. மணியும் அடித்தது. கணீர் கணீர் என்று அடித்தது. செல்வராசு ஏதோ சொன்னார், முதல் தடவையாக அவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெட்டி இப்போது அங்கேதான் இருக்கிறது. வேலையும் இவளிடம்தான் இருக்கிறது.

சாந்தாவும் திருந்திவிட்டாள். இப்போதெல்லாம் நான் கேட்பதற்கு முன்னாலேயே உப்பைப் போட்டுவிடுகிறாள். நானும் பழக்கத்தில் வாசலில் நின்று கேட்கிறேன். அவளும் பழக்கத்தில் 'ம்' என்று இன்னொரு கை அள்ளிப் போட்டுவிடுகிறாள்.

இந்த மாதச் சதுர்த்திச் சுண்டலில் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்த மகள், தண்ணீர்ச் செம்பைத் தேடிக்கொண்டே சொன்னாள். "மேக்ரோவுல இந்தத் தப்பும் உண்டுப்பா. உள்ள வச்ச ஒரே வேலையை ரெண்டு தடவை செஞ்சுடும்."

பிள்ளையார் இதற்கும் ஒண்ணும் சொல்லலை.