வெள்ளைக் கோட்டுப் பாதையில் ஒரு படலை

ஒக்டோபர் முதல் சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜில், மூன்றாம் மாடியில், அத்தானின் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் வெளிக்கிட்டு ஆயத்தமாக நின்றார். இஸ்திரி போட்ட காற்சட்டை, கோயிலுக்குப் போடுகிற சேட்டு, அதற்கு மேல் குளிர்ச்சட்டை. காலில் மட்டும் நான் சொல்லி வாங்கிய நடைச் சப்பாத்து, புத்தம் புதிதாக.

“அக்காவின்ரை நடைப் பொல்லை எடுங்கோ அத்தான். ஏற்றம் இருக்கு,” என்றேன்.

“அந்த அறை திறக்கிறேல்லை, வதனி.”

அக்கா போன தை மாதம் இறந்துபோனாள். தையல் மெஷினும் அவளுடைய நடைச் சாமான்களும் இருக்கிற அந்தச் சின்ன அறையை அத்தான் அன்று தொட்டுப் பூட்டாத குறையாக மூடி வைத்திருக்கிறார். துக்கம் விசாரிக்க வந்த சனத்தின் குளிர்ச்சட்டைகளை வைக்கக்கூட அதைத் திறக்கவில்லை. அவர் வாசல் மூலையில் சாத்தியிருந்த நீளக் கறுப்புக் குடையைக் கையில் எடுத்து, “இது காணும்,” என்றார்.

எனக்கு அத்தான் மேல் கோபம் இருந்தது. அதை இங்கே மறைக்கப் போவதில்லை. ஏழு வருடமாக நானும் அக்காவும் ஒவ்வொரு ஒக்டோபரிலும் இந்த நடைக்குப் போய்வந்தோம். ஒவ்வொரு தடவையும் அவள் அவரைக் கேட்பாள். முதலில், ரெஸ்ரோரண்ட் குசினியில் சனி ஞாயிறு வேலை என்றார். அது நியாயம். பென்சன் எடுத்த பிறகும் வரவில்லை. “நடக்கிறதுக்கு நூறு கிலோமீற்றர் கார் ஓடுறதோ? நான் மெற்றோவுக்கு நடக்கிறன்தானே,” என்று பகிடி விடுவார். அக்காவும் சிரித்துவிட்டு வந்து காரில் ஏறுவாள். இப்போது, அவள் இல்லாத வருடத்தில், தானாகவே போன் எடுத்து, “அவ போய்க் குந்தியிருக்கிற அந்தக் கல்லை எனக்கு ஒருக்கால் காட்டும்,” என்கிறார். கேட்டதும் அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. எரிச்சல்தான் கூட.

டெக்காரி விரைவுச்சாலையில் இறங்கி, சாம்ப்ளேன் பாலம் கடந்து, பத்தாம் நெடுஞ்சாலையில் கிழக்கே போகவேண்டும். அறுபத்தெட்டாம் வெளிவாசலில் திரும்பினால் கோவன்ஸ்வில். அங்கிருந்து தெற்கே, வெர்மொண்ட் எல்லைப் பக்கமாக அரை மணித்தியாலம். மொத்தம் நூற்றுப் பதினைந்து கிலோமீற்றர். வெட்டி முடிந்த சோளக் காடுகள், வெட்டவெளி நடுவே திடீரென்று எழும்பி நிற்கிற தனி மலைகள், மேப்பிள் மரங்களின் சிவப்பு. மொன்றியல்காரர் கார் கட்டி வருவது இந்தச் சிவப்பைப் பார்க்கத்தான். அத்தான் குடையை முழங்கால்களுக்கு நடுவில் நட்டுப் பிடித்தபடி, நேரே றோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஆஷ்டன் கோர்னர் என்ற அந்த ஊரை வரைபடத்தில் நன்றாகப் பெரிதாக்கினால்தான் காணலாம். கியூபெக்கில் இருக்கிற ஆங்கிலேயக் கிராமம் அது. வெள்ளைப் பலகைத் தேவாலயம், சாய்ந்த கல்லறைக் கற்கள், ஒரு பலசரக்குக் கடை, ஓர் ஓடை, பாழடைந்த மா அரைக்கும் ஆலை. இவ்வளவுதான் ஊர். கடைக்காரர் முதலில் ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லிவிட்டு, பிறகு ஞாபகம் வந்தவராக “போன்ஜூர்” என்பார். கோப்பி மூன்று டாலர். காரைத் தேவாலய வளவில் விடலாம். வாசலில் தொங்கும் தகரப் பெட்டியில் விரும்பியதைப் போடலாம்.

நடைப்பாதைகள் மூன்றும் தேவாலயத்தின் பின்பக்கத்தில் தொடங்குகின்றன. மரங்களில் பூசியிருக்கும் நிறக்கோடுதான் வழிகாட்டி. நீலக் கோடு ஓடையோரமாக ஆலை வரை போய்த் திரும்பும். மூன்று கிலோமீற்றர். குழந்தை வண்டியும் தள்ளலாம். மஞ்சள் கோடு அப்பிள் தோட்டங்களுக்குள்ளால் ஐந்து கிலோமீற்றர். வெள்ளைக் கோடு மேய்ச்சல் நிலங்களைக் கடந்து மலை உச்சிக்கு ஏறும். போக வர ஒன்பது கிலோமீற்றர். அக்காவின் பாதை அதுதான். போகிறவர்கள் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ள வேண்டும். புல்லில் உண்ணி இருக்கும். அத்தான் இஸ்திரி மடிப்புக் குலையாமல் செருகுவதற்குப் பட்ட பாட்டைப் பார்த்து, அன்று முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வந்தது.

இன்னொன்றையும் போகிறவர்கள் தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் வயலுக்குள்ளால் போகிற பழைய நடைப்பாதைகளில் நடப்பது ஊராருக்குச் சட்டம் கொடுத்த உரிமை. காணிக்காரர் மறிக்க முடியாது. அங்கிருந்து இங்கே வந்தவர்கள் தேவாலயத்தைக் கொண்டுவந்தார்கள், கல்வேலியைக் கொண்டுவந்தார்கள், அந்த உரிமை மட்டும் கூட வரவில்லை. இங்கே காணிக்காரரின் நல்ல மனதில்தான் பாதை நிற்கிறது. ஒருவர் வேண்டாம் என்றால் அன்றோடு சரி.

பத்து மணிக்கு வெள்ளைக் கோட்டில் கால் வைத்தோம். காட்டுக்குள் கொஞ்ச தூரம், பிறகு மரம் குறுக்கே போட்ட பாலம், பிறகு ஒரு பண்ணையின் மேய்ச்சல் நிலம். இரும்புப் படலை சங்கிலி போட்டு மூடியிருந்தது. அதைத் திறந்து உள்ளே போய் மறுபடி மூடினோம். படலையில் இரண்டு மொழியிலும் ஓர் அறிவித்தல் இருந்தது: படலை எப்படி இருந்ததோ அப்படியே விடவும். நானும் அக்காவும் பார்த்துப் பார்த்துப் பழகிய பலகை. பத்து நிமிட நடையில் இரண்டாவது படலை. அது விரியத் திறந்து கிடந்தது. அதிலும் அதே பலகை. நான் முன்னால் போனேன். அத்தானோடு பக்கத்தில் நடக்க அன்று எனக்கு மனம் வரவில்லை. பின்னால் சங்கிலிச் சத்தம் கேட்டது. முதல் படலையில் கேட்ட அதே சத்தம் என்பதால் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏற்றத்தில் அத்தான் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். குடையின் நுனி ஈர இலைகளில் வழுக்கியது. உச்சிக்குப் போகப் பன்னிரண்டு மணியாகிவிட்டது. தென்பக்கமாகத் தட்டையான ஒரு பாறை. அதற்குக் கீழே பள்ளத்தாக்கு, அதற்கு அப்பால் வெர்மொண்ட் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலமாகப் போய்க்கொண்டே இருக்கும்.

“இதுதான்,” என்றேன்.

அத்தான் உடனே உட்காரவில்லை. பாறையைச் சுற்றிவந்து பார்த்தார்.

“இதிலை இருந்து என்ன செய்யிறவ?”

“ஒண்டும் செய்யிறேல்லை. சும்மா இருக்கிறவ.”

“சும்மாவோ? கதைக்கிறேல்லையோ?”

“இல்லை அத்தான். சாப்பிட்டிட்டு ஒரு மணித்தியாலம் அப்பிடியே இருப்பா. நான் கதை குடுத்தாலும் பேசாமல் இரு எண்டுவா.”

அவர் பாறையில் கைவைத்து மெல்ல உட்கார்ந்தார். குடையைப் பக்கத்தில் கிடத்தினார்.

“முப்பத்தெட்டு வருசம். அவ சும்மா இருந்து நான் ஒருநாளும் காணேல்லை. ரீவி பாக்கேக்கையும் கையிலை ஏதும் தைச்சுக்கொண்டிருப்பா. சும்மா இருக்கப் பிடிக்காத மனுசி எண்டெல்லோ நினைச்சனான்.”

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். நான் கொண்டுபோன புட்டும் சம்பலும் ஆறிப்போய்க் கிடந்தன. இருவரும் ஆளுக்கு இரண்டு வாய் சாப்பிட்டோம். என் கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டிருக்கக் கஷ்டமாக இருந்தது.

ஒரு மணிக்கு இறங்கத் தொடங்கினோம். இரண்டாவது படலைக்கு வருமுன்னரே மாடுகளின் கதறல் கேட்டது. இருபது மாடுகளுக்குக் குறையாது. படலையை நெருக்கித் தள்ளிக்கொண்டு நின்றன. படலை மூடி, சங்கிலி இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. அதற்கு அந்தப்பக்கம், சரிவின் அடியில், தண்ணீர்த் தொட்டி. அதற்கும் கீழே பண்ணை வீடு. வீட்டிலிருந்து எழுபது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர், முழங்கால் வரை இறப்பர் சப்பாத்து போட்டவர், எங்களை நோக்கி வேகமாக ஏறி வந்துகொண்டிருந்தார். வந்தவர் எங்களைப் பார்க்கவே இல்லை. சங்கிலியை அவிழ்த்துப் படலையைத் தள்ளினார். மாடுகள் அவரை உரசிக்கொண்டு கீழே ஓடின.

பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: “வாசிக்கத் தெரியாதா?”

எனக்கு அப்போதுதான் அந்தச் சங்கிலிச் சத்தம் விளங்கியது. நான் வாய் திறக்குமுன் அவர் தொடர்ந்தார். மேல் நிலத்தில் தண்ணீர் இல்லை. மாடுகள் மதியத்துக்கு முன்னரே குடிக்க இறங்குகிறவை. இன்று வெயில் இல்லாதபடியால் தப்பின. கோடையில் என்றால் கன்றுகள் விழுந்திருக்கும். “என் நிலத்துக்குள்ளால் போகாமல் மலைக்குப் போக வேறு வழியில்லை. இந்த நவம்பரில் வேட்டைக் காலத்துக்கு மூடும்போது, ஒரேயடியாக மூடிவிடலாமென்று நினைக்கிறேன்,” என்றார். சத்தம் போடவில்லை. யோசித்து முடித்துவிட்டவர் போலச் சொன்னார். அக்காவின் பாறைக்கு இனிமேல் வழியே இருக்காது.

அத்தான் என்னைத் தாண்டி முன்னால் வந்தார். முப்பது வருடக் குசினியில் படித்த பிரெஞ்சு அவருடையது. இலக்கணம் இல்லாவிட்டாலும் தடங்கல் இல்லாதது. “நான்தான் மூடினேன், மதாம். அவவுக்குத் தெரியாது,” என்றார்.

“பலகையை வாசிக்கவில்லையா?” அந்தப் பெண்ணும் பிரெஞ்சுக்கு மாறினார்.

“வாசித்தேன். எங்களுக்கு முன்னால் போன யாரோ ஒரு மடையன் திறந்துபோட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தேன்.”

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த யாரும் அதைத்தான் நினைத்திருப்பார்கள். படலை திறந்து கிடந்தால் ஆடு பூந்துவிடும், வாழைக்குட்டியைத் தின்றுவிடும், பிறகு இரண்டு வீட்டுக்கும் ஆறு மாதம் கதை பேச்சு இராது. போகிறவன் வருகிறவன் எல்லோரும் சாத்திவிட்டுத்தான் போவார்கள். மூடிய படலை ஒழுங்கு, திறந்த படலை பிழை. அத்தான் இதைத் தன் பிரெஞ்சில், ஆட்டுக்குக் கையால் கொம்பு காட்டி, விளங்கப்படுத்தினார். “எங்கள் ஊரில் இது உதவி. இங்கே உங்கள் மாடுகளை நான் தாகத்தில் நிறுத்திவிட்டேன். மன்னிக்கவேண்டும். என்னை வரவேண்டாம் என்று சொல்லுங்கள். பாதையை மூடாதேங்கோ.” கடைசிச் சொல் அவரை அறியாமல் தமிழில் வந்தது. எதைக் கேட்கிறார் என்பது அந்தப் பெண்ணுக்கு விளங்கியிருக்கும்.

அவர் அத்தானையும் குடையையும் மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னைக் கூர்ந்து பார்த்தார்.

“உன்னைத் தெரியும். ஒவ்வொரு இலையுதிர் காலமும் இரண்டு பேராக வருவீர்கள். மற்றவர் சிவப்புக் குளிர்ச்சட்டை. என் குசினி யன்னலைப் பார்த்துக் கை காட்டுவார். அவர் எங்கே?”

அத்தான்தான் சொன்னார்: “என் மனைவி. ஜனவரியில் இறந்துவிட்டா.”

அந்தப் பெண் கீழே தொட்டியைச் சுற்றி நின்ற மாடுகளைப் பார்த்தார். “அவர் இந்தப் படலையைத் தொட்டதே இல்லை,” என்றார். படலையைத் திறந்தபடியே வேலியோடு சேர்த்துக் கொழுவிவிட்டு, “மே மாதம் வந்து பாருங்கள். திறந்திருந்தால் நடங்கள். மூடியிருந்தால் திரும்பிப் போங்கள்,” என்றார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எங்களுக்கு முன்னாலேயே இறங்கிப் போய்விட்டார்.

கீழே பண்ணை வீட்டைக் கடக்கும்போது அத்தான் நின்று குசினி யன்னலைப் பார்த்தார். கை தூக்க நினைத்தவர் போல இருந்தது. தூக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் கோவன்ஸ்விலைத் தாண்டினோம். பிறகு அவர், “மே மாசம் என்னையும் கூட்டிக்கொண்டு வருவீரே?” என்றார்.

“பாதையை மூடியிருந்தால்?”

“மூடியிருந்தால் திரும்புவம். அதைப் பாக்கவும் ஆள் போகத்தானே வேணும்.”

பாலத்தில் ஏறும்போது மொன்றியலில் விளக்குகள் போடத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் நகரத்தில் எல்லாக் கதவுகளும் தானாகச் சாத்திக்கொள்கிறவை. வெளிவாசல், லிஃப்ட், மெற்றோ எதுவும் எப்படி இருந்ததென்று யாரும் யோசிக்கத் தேவையில்லை. அந்த வசதியில் முப்பது வருடம் இருந்துவிட்டு, ஒரு மேய்ச்சல் நிலத்துப் படலையில் நின்று இருவரும் பேச்சு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறோம்.

ஆறரை மணிக்கு அவரை மூன்றாம் மாடியில் விட்டேன். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். நான் சப்பாத்தைக் கழற்ற முன்னரே அவர் தன் சேற்றுச் சப்பாத்தோடு உள்ளே நடந்துபோய், அந்தச் சின்ன அறையின் முன்னால் நின்றார்.

“வதனி, அம்புலன்ஸ்காரர் அவவைக் கொண்டுபோகேக்கை இந்தக் கதவு திறந்துதான் கிடந்தது. தையல் மெஷின் லைற்றும் எரிஞ்சுகொண்டிருந்தது. நான்தான் ஆஸ்பத்திரியாலை வந்து சாத்தினனான்.”

கைப்பிடியைத் திருப்பிக் கதவைத் தள்ளினார். உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்தது. கொழுக்கியில் சிவப்புக் குளிர்ச்சட்டை, அதற்குக் கீழே பொல்லு. கதவு மெல்லத் திரும்பி வந்தது. அது கொஞ்சம் சாய்ந்த கதவு. அக்கா எப்போதும் ஒரு சாக்குத் துணியை அடியில் செருகி வைத்திருப்பாள். அத்தான் துணியைத் தேடவில்லை. கையிலிருந்த குடையைக் குறுக்கே கிடத்தி முட்டுக் கொடுத்தார்.