ஷிஜினுடைய கறுப்புக் காய்கள்

மண்டைக்காட்டுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊரில் கிளாரா மீன் விற்கிறாள். ஏலத்தில் எடுத்த மீனைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்றுவிட்டு மதியத்துக்குள் திரும்புவாள். சாயங்காலம் செஸ் பலகையை விரிப்பாள். வெள்ளை அவளுக்கு, கறுப்பு கணவன் ஷிஜினுக்கு. ஷிஜின் மீன்பிடிக்கப் போய்ப் புயலில் காணாமல் போனவன். படகும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை.

இரண்டு பக்கமும் அவளே நகர்த்தினாலும் கறுப்புதான் ஜெயித்தது. கறுப்பை நகர்த்தும் கை தன்னுடையதல்ல என்பாள். அவன் தோற்காதவரை எங்கோ இருக்கிறான் என்று நம்பினாள்.

அவன் போன ஏழாம் வருஷம், இறந்தவர்களுக்கு வைப்பதுபோல அவன் ஆத்துமாவுக்கும் பூசை வைக்கலாம் என்றாள் ஷிஜினின் அக்கா குளோரி. கிளாரா ஒத்துக்கொள்ளவில்லை. ஊர்த் திருவிழா செஸ் போட்டியில் அவர் ஆடட்டும், தோற்றால் வையுங்கள் என்றாள்.

"ஏட்டி, அவன் பேருல ஆட நீ மீசை வச்சிட்டா போவ?"

கிளாரா சிரிக்கவில்லை. ஷிஜின் பெயரையே கொடுத்தாள். கறுப்பைக் கேட்டு வாங்கினாள்.

எதிரே நந்தனா, மாநில அளவில் ஆடும் நாகர்கோவில் கல்லூரிப் பெண். சீக்கிரமே கறுப்புக் குதிரை போயிற்று, பிறகு யானை. கிளாரா பதறவில்லை. பக்கத்தில் யாரோ சொல்வதைக் கேட்பவள்போலத் தலையைச் சாய்த்திருந்தாள். ராஜா மூலையில் நெருக்கப்பட்டபோது, அதை எடுத்துக் குதிரைபோலத் தாண்டி வைத்தாள்.

"அக்கா, ராஜா அப்படிப் போகாது."

"ஒரு தடவ போலாம். அவரு அப்படித்தான் ஆடுவாரு."

ஷிஜின் வேலை செய்த படகில் செஸ் ஆடுகிறவர்களிடம் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டத்துக்கு ஒருமுறை ராஜா தாண்டலாம். அவன் சொல்லித் தந்த ஆட்டம்தான் கிளாராவுக்குத் தெரியும். வீட்டில் கறுப்பு தப்பியதெல்லாம் அந்தத் தாண்டலால்தான். வெள்ளை ராஜாவை அவள் ஒருநாளும் தாண்ட விட்டதில்லை.

போட்டியை நடத்திய மகேஷ்குமார் ராஜாவைப் பழைய கட்டத்தில் வைத்தார். தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும் என்றார். ராஜா போக ஒரே கட்டம்தான் இருந்தது. அங்கே போனால் அடுத்த நகர்த்தலில் ஆட்டம் முடியும். அது கிளாராவுக்கும் தெரிந்தது.

கடிகாரம் ஓடியது. கிளாரா கொடுத்திருந்த பெயர் யாருடையது என்று நந்தனாவுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். டிரா செய்துகொள்ளலாமா என்று தணிந்த குரலில் கேட்டாள். டிரா என்றால் தோல்வி இல்லை.

"அவரு அப்படி வாங்க மாட்டாரு, மக்கா."

ராஜாவை அந்தக் கட்டத்தில் வைத்தாள். நந்தனா ராணியை நகர்த்தினாள்.

வெளியே குளோரி நின்றிருந்தாள்.

"பூசைக்குச் சொல்லிருங்க மைனி," என்றாள் கிளாரா.

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். கிளாரா, தனக்கும் குளோரிக்கும் நடுவே இன்னோர் ஆள் நடக்கும் அளவுக்கு இடம் விட்டே நடந்தாள்.