வெஸ்டா சொன்ன மூணு

எங்கள் மலையூரில் டாக்டர் வந்து, "வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டால், இடுப்பொடிந்து கிடப்பவர்கூட "மூணு" என்பார். ஏழு, எட்டு என்று வாயை விட்டால் போச்சு. போதை தரும் வலிமாத்திரைக்கு அலைகிற ஆள் என்று ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பேச்சு வந்துவிடும். நிலக்கரிச் சுரங்கத்தில் முதுகையும், அப்புறம் மாத்திரையில் உயிரையும் விட்டவர்கள் நிறைந்த ஊர்.

வெஸ்டா ஸ்கீன்ஸின் கணவன் எல்பர்ட் அப்படிப் போனவன்தான். வெஸ்டா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். மலை வளைவுகள் அவள் முதுகெலும்பைத் தின்றுவிட்டன. இன்னும் கொஞ்சம் மோசமானால் பேருந்துப் படியே ஏற முடியாது. ஆனாலும் எல்பர்ட்டைக் கொன்ற மாத்திரையைத் தொடமாட்டாள். அடிமையாக்காத வலிமருந்து ஒன்றைப் பல்கலைக்கழகத்தில் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வசந்தத்துக்கு வசந்தம் தீயணைப்பு நிலையக் கூடத்தில் காட்டுப்பூண்டு விருந்து வைத்து, வசூலை அங்கே அனுப்பினாள். விருந்து முடிந்தால் ஊரே நாறும். எல்லோரும் நாறுவதால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

அந்த ஆராய்ச்சிக்கு நாத்தனார் லோரீன் செய்த உதவி, விருந்தில் சாப்பிட்டது.

மருந்து தயாராயிற்று. சோதனைக்கு ஆள் பிடிக்க நர்ஸ் வந்தாள். வெஸ்டா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் "மூணு" என்றாள். ஐந்துக்குக் கீழே சேர்க்கமாட்டார்களாம். வெளியூரில் வாழ்ந்து கெட்டுப்போன லோரீன் கண்ணைக் கசக்கி "ஒம்பது" என்றாள். சேர்த்துக்கொண்டார்கள்.

அடுத்த மாதமே லோரீன் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, உன் புண்ணியத்துல நேத்து குனிஞ்சு தரையைத் துடைச்சேன்."

"உன் வீட்டுத் தரை பயந்திருக்குமே!"

சோதனையில் பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரைதான், யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. லோரீனுக்குக் கிடைத்தது மாவுதான் என்று நம்பித்தான் வெஸ்டா உயிர் வாழ்ந்தாள். லோரீனுக்குக் கெடுதல் வேண்டுமென்று அவள் ஜெபிக்கவில்லை. சின்னதாக ஒரு பிடிப்பு, அவ்வளவுதான் கேட்டாள். கர்த்தர் அதையும் தரவில்லை. அடுத்த விருந்தில் லோரீன் ஃபிடில் சத்தத்துக்குக் குதிகாலைத் தட்டி ஆடினாள்.

"மாவுக்கு இந்த ஆட்டமா?" என்று வெஸ்டா பல்லைக் கடித்தாள்.

அன்றைக்குத்தான் இரண்டாம் சுற்றுக்கு ஆள் எடுக்க நர்ஸ் மறுபடி வந்திருந்தாள். கூடம் நிறைய ஊர்ச்சனம். "வலி எத்தனைம்மா?"

"மூ..." என்று ஆரம்பித்த வெஸ்டாவின் கண்ணில் லோரீன் பட்டாள். அவிழாத ஷூ நாடாவை முழுசாகக் குனிந்து கட்டிக்கொண்டிருந்தாள்.

"அவ எத்தனை சொன்னா?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா."

"ஒம்பது, அண்ணி!" என்று தரையிலிருந்தே பதில் வந்தது.

"அப்போ எனக்குப் பத்து. எழுதிக்கோ."

ஃபிடில் நின்றுவிட்டது. பீன்ஸ் தட்டோடு நின்ற தீயணைப்புத் தலைவர் தொண்டையைச் செருமினார். "என் மூணுகூட... ஏழு இருக்கும்போல." பின்னாலிருந்து ஒரு எட்டு வந்தது. இன்னொரு ஒம்பது.

வெஸ்டா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். பத்தை யாரும் தொடவில்லை.