சாமியாரின் வயிறு

பேருந்துப் பணிமனையில் அந்த ஓட்டுநரைச் சாமியார் என்றுதான் கூப்பிடுவார்கள். காவியும் கிடையாது, தாடியும் கிடையாது. வண்டி எடுக்கும் முன் அவர் பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படாது என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். சாப்பிட்டால் கொஞ்ச நேரத்தில் ஈரத்துணியை முறுக்குவதுபோல் வயிறு முறுக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அதைத் தாங்க முடியாது.

கிரோன் நோய் என்று டாக்டர்கள் பெயர் சொல்லிப் பல வருஷம் ஆகியிருந்தது. குடலில் புண் வரும், ஆறும், மறுபடி வரும். அவர் மாத்திரையை விழுங்கினார், வண்டியை ஓட்டினார். வலியைப் பற்றிப் பேசுவதை எப்போதோ விட்டுவிட்டார்.

ஒரு மத்தியானம் கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியும் அவர் இறங்கவில்லை. கண்டக்டர் முன்னால் வந்து பார்த்தார். வயிறு மத்தளம்போல் உப்பியிருந்தது. சட்டையெல்லாம் பச்சை வாந்தி.

"அண்ணே, என்னண்ணே இது?"

"ஹேண்ட் பிரேக் போட்டிருக்கேனா பாரு."

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு அறுவை டாக்டரம்மா அவரையும் மனைவியையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"புண்ணு ஆறி ஆறித் தழும்பாகி, சிறுகுடல் மூணு இடத்துல சுருங்கிப்போச்சு. தழும்பு மருந்துக்கு இளகாது. மோசமா இருக்கிற ஒரு துண்டை வெட்டி எடுத்துட்டு முனைகளைச் சேர்த்துடுவோம். மத்த ரெண்டு இடத்தையும் நீளவாக்குல கீறி, குறுக்குவாக்குல தைச்சா வழி அகலமாயிடும்."

"மூணையும் எடுத்துட்டா தொல்லை விட்டுச்சு இல்லையா?" என்றாள் மனைவி.

"இது திரும்ப வரக்கூடிய நோய்ம்மா. ஒவ்வொரு தடவையும் வெட்டிக்கிட்டே போனா, சாப்பிட்டது உடம்புல ஒட்டக் குடல் மிஞ்சாது."

மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவரோ வேறு பணிமனை வண்டியின் கோளாறைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அதற்குப்பின் குடல் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டதா என்று அறிய, காலையும் மாலையும் நர்ஸுக்கு ஒரே கேள்விதான்: "காத்துப் பிரிஞ்சுதா?" பிரிந்த அன்றைக்கு, மகன் பரீட்சையில் தேறியதைச் சொல்வதுபோல் மனைவி வார்டு முழுக்கச் சொல்லிவிட்டாள். பக்கத்துக் கட்டில்காரர் வாழ்த்தே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். தானும் சிரிக்கவேண்டும் என்று சாமியாருக்குப் புரிந்தது. தையல் வலிக்கும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு படுத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து கஞ்சியும் சூப்புமாக நாள் ஓடியது. பிறகு ஒருநாள் மனைவி மசித்த உருளைக்கிழங்கும் அவித்த முட்டையும் தட்டில் வைத்தாள். அவர் முழுதும் தின்றார். தின்றுவிட்டு, பழக்கதோஷம், மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

வலி வரவில்லை.

"வலிக்குதாங்க?"

"இல்ல."

"கொஞ்சமாச்சும்?"

"அதான் இல்லங்கிறேனே."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். வலி போனால் சந்தோஷம் வரும் என்று அவர் என்றைக்கோ நினைத்ததுண்டு. அதற்கும் சற்று நேரம் காத்திருந்து பார்த்தார். அதுவும் வரவில்லை. கை மட்டும் மேஜையை விட்டது.

"இன்னொரு முட்டை இருக்கா?" என்று கேட்டார்.

பசித்துக் கேட்டாரா, அவள் அழுகையை நிறுத்தக் கேட்டாரா, அவருக்கே தெரியவில்லை. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.