மூன்று மணிக் கதவு

அக்காவின் கார்டு மாலை மூன்று மணிக்கு ஸ்டோர் கதவைத் திறந்திருந்தது. அதே மூன்று மணிக்கு அக்கா கேன்டீனில் தரை துடைத்துக்கொண்டிருந்தார். அவர் துடைத்த ஈரத்தில் கையில் கறிபாப் பலகாரத்தோடு வழுக்கி விழப் பார்த்தவள் நான்தான் என்பதால், இதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அக்கா எங்கள் கிலாங்கில், அதாவது சிப்புத் தொழிற்சாலையில், துப்புரவு வேலை செய்பவர். சுங்கை பட்டாணியில், பாக்கார் ஆராங்கில், என் வீட்டுக்கு இரண்டு வரிசை தள்ளி வாடகைக்கு இருந்தார். காலையில் கூலிம் ஹைடெக் பூங்காவுக்கு என் காடியில்தான் வருவார். நான் அங்கே சோதனைப் பிரிவில் இன்ஜினியர். சிப்புகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்க்கும் புரோகிராம்களை எழுதுவேன். வழியெல்லாம் நான் மேலதிகாரிகளைத் திட்டிக்கொண்டே ஓட்டுவேன். அக்கா ஜெபமாலை சொல்லிக்கொண்டே வருவார். நடுநடுவே, "பார்த்து ஓட்டுலா, முன்னால லோரி" என்பார்.

அந்த வாரம் ஸ்டோரிலிருந்து மாதிரிச் சிப்புகள் அடுக்கிய தட்டு ஒன்று காணாமல் போனது. கதவுப் பதிவை எடுத்துப் பார்த்தார்கள். காலையில் மட்டுமே ஸ்டோரைக் கூட்ட வேண்டிய அக்காவின் கார்டு, பல நாட்களாக மாலை மூன்று மணிக்கும் கதவைத் திறந்திருந்தது. இரண்டு நாள் கழித்துத் தட்டு பக்கத்துக் கட்டடத்தில் தவறான லேபிளோடு கிடைத்துவிட்டது. ஆனால் ஆள்வளப் பிரிவு மேடம் விடுவதாக இல்லை. "ஒன்று நீ உள்ளே போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கார்டை யாரிடமோ கொடுத்திருக்க வேண்டும். இரண்டுக்கும் வேலை போகும்" என்றார். கார்டை இரவல் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் கிலாங்கின் முதல் விதி.

அக்கா, "யாருக்கும் கொடுக்கல மேடம்" என்று ஒரே ஒரு முறை சொன்னார், அவ்வளவுதான். விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்து, விசாரணைக்கு ஒரு வாரத் தவணை வைத்தார்கள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கேன்டீனில் என் கண்ணால் பார்த்த ஆள் ஸ்டோரில் எப்படி இருப்பார்? கார்டை யாருக்கும் கொடுக்கவில்லை என்றும் சொல்கிறார். அப்படியானால் யாரோ அந்தக் கார்டை நகல் எடுத்திருக்கிறார்கள். எங்கள் கார்டு பழைய வகை. அதற்குள் இருக்கும் ரகசியக் கணக்கை ஆராய்ச்சியாளர்கள் எப்போதோ உடைத்துக் கட்டுரையும் எழுதிவிட்டார்கள். இதைச் சொன்னால் மேடம், "கார்டு பொய் சொல்லாது" என்றார். பொய் சொல்ல வைக்கிறேன் பார் என்று கிளம்பினேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியையும் ஒரு சின்ன ரீடரையும் வைத்து உட்கார்ந்தேன். முதலில் என் சொந்தக் கார்டை வைத்தே தொடங்கினேன். அடுத்தவர் கார்டைத் தொடுவதாக இருந்தால் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும் என்ற அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது.

அந்தக் கார்டில் இருப்பது ஒரு ஸ்ட்ரீம் சைஃபர். நாற்பத்தெட்டு இருக்கை உள்ள கிலாங் பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு பூஜ்யமோ ஒன்றோ உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு முறையும் எல்லோரும் ஓர் இருக்கை முன்னால் நகர வேண்டும். முன்னால் இருப்பவர் இறங்குவார். பின்னால் யார் ஏறுவது என்பதைக் குறிப்பிட்ட சில இருக்கைகளில் இருப்பவர்கள் சேர்ந்து முடிவு செய்வார்கள். ஜன்னல் வழியே வேறு சில இருக்கைகளைப் பார்த்து ஒருவர் பூஜ்யம், ஒன்று, ஒன்று என்று கத்திக்கொண்டே இருப்பார். அந்தச் சத்தத்தைக் கலந்துதான் கார்டும் ரீடரும் பேசிக்கொள்கின்றன. கார்டு ஓர் எண்ணைக் கொடுத்துக் கேள்வி கேட்கும். ரீடர் சரியாகக் கலந்து பதில் சொன்னால் கார்டும் தன்னை யாரென்று காட்டும். ஒரே ஒரு பிட் தவறினாலும் கார்டு வாயைத் திறக்காது. தவறு என்றுகூடச் சொல்லாது.

என் கார்டு வாயைத் திறக்கவில்லை.

நானூறு வரி எழுதியிருந்தேன். ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அடுத்த நாள் வேலை முடிந்து வந்து மறுபடி பார்த்தேன், அதுவும் பிரயோசனம் இல்லை. மூன்றாம் நாள் கார்டைச் சுவரில் எறிந்துவிட்டு, பிறகு கவலையோடு ஓடிப்போய்ப் பொறுக்கினேன். என் கணவர் பாலில்லாத தே ஓ தேநீர் போட்டு வைத்துவிட்டுப் பேசாமல் நகர்ந்தார். அவருக்கு அனுபவம் உண்டு.

புதன்கிழமை குளித்துக்கொண்டிருக்கும்போதுதான் புரிந்தது. அந்தக் கார்டு ஒவ்வொரு பைட்டையும் வால் பக்கத்திலிருந்து அனுப்பும். நான் தலைப் பக்கத்திலிருந்து படித்திருந்தேன். இதே தவற்றைச் செய்த புதிய இன்ஜினியர் ஒருவரைப் போன மாதம்தான், "இது பாலர் பள்ளிக் கணக்கு" என்று எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்திருந்தேன். ஊருக்குத்தான் உபதேசம். தலையில் ஷாம்புவோடு வந்து ஒரு வரியைத் திருப்பிப் போட்டேன். கார்டு பதில் சொன்னது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

விசாரணை நாளன்று காவல் பிரிவுத் தலைவரும் வந்திருந்தார். மீசை நரைத்த மலாய்க்காரர், நிதானமானவர்; மரியாதையாக என்சிக் என்றுதான் அழைப்போம். "என்சிக், உங்கள் கார்டை நகல் எடுக்க அனுமதி தருவீர்களா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். என் ரீடர்மேல் வைத்தேன். சிறிது நேரம் கழித்துக் கார்டை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, நகல் பதிந்த என் ரீடரை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லோரையும் ஸ்டோருக்கு அழைத்துப் போனேன். அதைக் காட்டியதும் கதவு திறந்தது. பதிவில் என்சிக்கின் பெயர் ஏறியது. அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

"அக்கா யாருக்கும் கார்டைக் கொடுக்கவில்லை. அதற்கு நான் பொறுப்பு" என்றேன் மேடத்திடம், தேவைக்கு மேல் சத்தமாக. கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அக்காவின் வேலை தப்பியது. வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் நின்றதில்லை.

மாலையில் காடியில் ஏறிய அக்கா ஜெபமாலையை எடுக்கவில்லை. பாதி வழி வரைக்கும் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"தங்கச்சி, கோவிச்சுக்காத. கார்டை நான்தான் கொடுத்தேன்."

நான் காடியைச் சாலை ஓரமாக நிறுத்தினேன்.

"ஜித்ராவுல இருந்து ஒரு மலாய்ப் பொண்ணு வந்திருக்குல்ல, லைன்ல? புள்ள பெத்து ரெண்டு மாசம்தான். புள்ளைய அவ அம்மாகிட்ட விட்டுட்டு இங்க ஹாஸ்டல்ல இருக்கா. தெனமும் பால எடுத்து ஐஸ் பெட்டியில வச்சு சனிக்கெழம கொண்டுபோவா. எடுக்க எடம் இல்ல. ஸ்டோர்ல கதவு சாத்தும், பிளக் இருக்கு, ஆள் வராது. அதான் மூணு மணிக்கு என் கார்ட குடுப்பேன்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லக்கா?"

"சொன்னா நீ போயி சண்ட போடுவ. அவளுக்கு இன்னும் வேலை உறுதி ஆகல. பேரு வெளிய வந்தா போச்சு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எம்மவனுக்கு டின் பால்தான் குடுத்தேன். எனக்கு அப்ப யாரும் ஒரு கதவு திறந்து விடல லா."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அக்காவுக்காகப் பொறுப்பேற்று, எல்லோர் முன்னாலும் என்னை அறியாமலே ஒரு பொய்யைச் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பின்னால் வந்தது வெட்கம். ஒரு கை நீண்டு இன்னொரு கைக்கு ஓர் அட்டையைக் கொடுத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாற்பத்தெட்டு இருக்கை பஸ்ஸை ஓட்டப் போய்விட்டேன். படித்தவள் செய்யும் மடத்தனம் இது, படிக்காதவர்களுக்கு இதற்கு வழியே இல்லை. கார்டு உண்மையைத்தான் சொல்லியிருந்தது.

அன்று நான் திரும்பிப் போய் மேடத்திடம் எதையும் சொல்லவில்லை. இன்றும் சொல்லவில்லை. அது சரியா என்று கேட்டால், சரிதான் என்பேன்.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை என்பார்களே, வேதக்காரியான எனக்கும் அது பொருந்தியது. என் நிரூபணத்தைப் பார்த்துப் பயந்துபோன நிர்வாகம் எல்லாக் கார்டுகளையும் மாற்றியது. புதிய கார்டில் உடைக்க முடியாத சைஃபர். ஸ்டோருக்குக் கைரேகையும் சேர்ந்தது. துப்புரவுக்காரர்களுக்குக் காலை ஒரு மணி நேரம் மட்டுமே அனுமதி. அந்த வேலைக்குப் பொறுப்பாளராக என்னையே போட்டு, எல்லோர் முன்னாலும் பாராட்டினார்கள். கை தட்டினார்கள்.

அடுத்த வாரம் மூன்று மணிக்குப் பெண்கள் கழிப்பறைக்குப் போனேன். கடைசி அறைக்குள்ளிருந்து பால் எடுக்கும் பம்பின் மெல்லிய சத்தம் வந்தது. வெளியே அக்கா மாப்பை நீட்டிப் பிடித்தபடி காவல் நின்றார். என்னைப் பார்த்ததும் மாப்பைக் கொஞ்சம் நகர்த்தி வழி விட்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். உள்ளே இருந்த பெண்ணின் கதவைச் சாத்தியது நான்தான், அதுவும் கைதட்டல் வாங்கிக்கொண்டு.

நேராக மேடத்தின் அறைக்குப் போனேன். பெயர் எதுவும் சொல்லவில்லை. இந்தக் கிலாங்கில் இத்தனை பெண்கள் வேலை செய்கிறார்கள், பிள்ளை பெற்று வந்தால் பால் எடுக்க ஓர் அறை இல்லையா என்று கேட்டேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. யாருக்காகக் கேட்கிறாய் என்றார். "இனிமேல் வரப்போகும் எல்லோருக்கும்" என்றேன். அவரும் இரண்டு பிள்ளை பெற்றவர்தான். பழைய லேபிள் அச்சடிக்கும் அறை சும்மா கிடந்தது, எடுத்துக்கொள் என்றார்.

காவல் பிரிவிலிருந்து என்சிக் வந்து, அந்தக் கதவுக்கு எந்த ரீடர் போடலாம் என்று என்னையே கேட்டார். எதுவும் வேண்டாம் என்றேன். அன்று மாலையே அக்காவும் நானும் சுங்கை பட்டாணியில் ஓர் இரும்புக் கடைக்குப் போய், உள்பக்கமிருந்து போடும் சாதாரணத் தாழ்ப்பாள் ஒன்று வாங்கினோம். அக்கா கடையிலேயே அதை நாலு தடவை இழுத்துத் தள்ளிப் பார்த்தார்.

எங்கள் கிலாங்கில் எல்லாக் கதவுகளின் பதிவும் இப்போது என் கையில் இருக்கிறது. யார், எப்போது, எத்தனை நிமிடம் என்று எல்லாம் வந்துவிடும். அந்த ஒரு கதவுக்கு மட்டும் பதிவு கிடையாது. மூன்று மணிக்கு அது உள்ளே சாத்தியிருந்தால், நான் சத்தம் போடாமல் அதைக் கடந்து போவேன்.