நான் ஒட்டிய அறிவித்தல்

பெட்ரோல் வரிசையில் இரண்டு நாள் கிடந்த ஆத்திரத்தில்தான் பழைய மின்சாரக் காரொன்றை வாங்கினேன். பற்றரி எத்தனை வருடம் தாங்கும், மாற்றினால் என்ன விலை என்றெல்லாம் பத்துப் பேரிடம் விசாரித்தேன். எங்கே சார்ஜ் பண்ணுவது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

வெள்ளவத்தையில் எங்கள் வீடு, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காம் மாடி. முதல் நாளே வயரோடு கீழே கார் தரிப்பிடத்துக்கு இறங்கினேன். பொதுப் பிளக்கின் மேலே ஓர் அறிவித்தல்: "சொந்த வாகனங்களுக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. செயலாளர்."

குடியிருப்புச் சங்கத்தின் அந்தச் செயலாளர் நான்தான். தரைத்தள வீட்டு நஸீர் நானா தன் மின்சார ஸ்கூட்டரைச் செருகியதைக் கண்டு, நானே கையெழுத்துப் போட்டு ஒட்டியது.

"வாங்கேக்க இது ஞாபகம் வரேல்லையோ?" என்றாள் கூட வந்த மனைவி. எரிச்சலில் அவள்மேல் பாய்ந்தேன்.

சத்தம் கேட்டு நஸீர் நானா தன் சமையலறை யன்னலைத் திறந்தார். "சேர், வயர இங்கால தாங்க. எங்கட குசினி பிளக்ல போடுவம். இது எங்கட மீட்டர்தானே, நோட்டிஸ்ல இதுக்குத் தடையில்ல."

அவர் முகத்தில் நக்கல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

அவர் உள்ளே போனதும் அறிவித்தலைக் கிழித்தேன். அன்றைக்கு நல்ல பசையாகப் பார்த்து வாங்கியிருக்கிறேன், பாதிதான் வந்தது. என் கையெழுத்து இன்னும் சுவரில் இருக்கிறது.