நேசபாய் அக்காவின் வடமிழுப்புக் குழு

குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊரில் ஓணத்துக்கு வடமிழுப்புப் போட்டி நடக்கும். நான் கல்யாணமாகி அங்கே போன பிறகுதான் ஊர் கிளப்காரர்கள் பெண்களுக்கும் போட்டி வைத்தார்கள். பக்கத்து வீட்டு நேசபாய் அக்கா தன்னோடு ஏழு பேர் வரும்படி ஆள் சேர்த்தாள். ரப்பர் பால் வெட்டப் போகிறவள். நாற்பதைத் தாண்டிய, ஒல்லியான ஆள். வடத்தைப் பிடித்ததுதான் தெரியும், பக்கத்து ஊர்ப் பொன்மனைக்காரிகள் எங்களைச் சேற்றில் இழுத்துப் போட்டுவிட்டார்கள். ஊரே சிரித்தது. நாங்களும் சேர்ந்து சிரித்தோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த வருஷம் ஆடி பிறந்ததுமே பயிற்சி என்றாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூட மைதானம். முதல் வாரம் எல்லாரும் போனோம். பிறகு நாலு பேர், ரெண்டு பேர் என்று குறைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வடத்தை மரத்தில் கட்டித் தனியாக இழுத்துக்கொண்டிருந்ததாக என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். எனக்கு என்னவோ போல் இருந்தது. அப்போது என் மகளுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. விட்டுவிட்டுப் போக வீட்டில் ஆளில்லை.

மறுநாள் அக்கா வந்தாள். ஏன் வரவில்லை என்று கேட்பாளோ என்று பயந்தேன். கேட்கவில்லை. தொட்டிலில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள், பிறகு முற்றத்தில் நின்ற அயனி மரத்தைப் பார்த்தாள்.

“அபிதா, நாங்க எல்லாரும் இங்கோட்டு வந்தா உனக்க வீட்டுக்காரரு ஒண்ணும் சொல்லமாட்டாரா?”

அப்படித்தான் பயிற்சி எங்கள் முற்றத்துக்கு வந்தது. மற்றவர்கள் வீட்டுக்கும் அவள் போயிருக்கிறாள். சுபிதா மார்த்தாண்டத்தில் துணிக்கடையில் வேலை பார்த்தாள். ஒரு வாரத்துத் துணி முழுக்க ஞாயிற்றுக்கிழமைதான் துவைக்க வேண்டும். எங்களில் இரண்டு பேர் முன்னாடியே போய் அவளோடு துவைத்துக் கூட்டிவந்தோம். எங்களோடு இழுத்த பெர்லினின் அண்ணனுக்குத் தங்கை வடமிழுப்பது பிடிக்கவில்லை. அக்கா அவனிடம் வாதாடவில்லை. வடத்தை மரத்தில் இறுக்கிக் கட்டித்தர முடியுமா என்று மட்டும் கேட்டாள். கட்ட வந்தவன் அங்கேயே நின்று, நாங்கள் குதிகாலை ஊன்றும் விதத்தைத் திருத்த ஆரம்பித்தான்.

இழுத்து முடிந்ததும் அவித்த மரச்சீனிக் கிழங்கும், தொட்டுக்கொள்ளக் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தியும். வடம் உரசித் தோலுரிந்த கையால் அந்த மிளகாயைத் தொட்டால் உயிர் போகும். அன்றைக்குக் கை உரியாதவள் மற்றவர்களுக்கு ஊட்டிவிடுவாள். அந்தச் சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது. யாரும் கூப்பிடாமலே எல்லாரும் வர ஆரம்பித்தது அப்போதுதான். எட்டாவதாக நேசம்மாள் என்ற பெண்ணும் வந்து சேர்ந்தாள், நல்ல பலசாலி.

ஓணத்துக்கு முந்தின ஞாயிறு, தான் இறங்கப்போவதில்லை என்றும், தன் இடத்தில் நேசம்மாள் நிற்கட்டும் என்றும் அக்கா சொன்னாள். பால் வெட்டிப் பால் வெட்டி அவள் மணிக்கட்டு வீங்கியிருந்தது. எங்களிடம் சொல்லவே இல்லை. பெர்லின் வடத்தைக் கீழே போட்டாள்.

“நீங்க இல்லாம நாங்க இறங்கமாட்டோம் அக்கா.”

“கிறுக்கு பேசாத மக்கா. எனக்காகவா இத்தற நாளும் வந்திய?”

“ஆமா, உங்களுக்காகத்தான்,” என்றாள் சுபிதா.

கீழே கிடந்த வடத்தை எடுத்து அக்கா பெர்லின் கையில் கொடுத்தாள். பிறகு சொன்னாள்: “அப்போ நான் கோட்டுக்கு வெளிய நின்னு விளிக்கேன். எனக்க சத்தத்துக்குக் காலை வையுங்க.”

போட்டியன்று மழை. கடைசி ஆளாக நான் வடத்தை இடுப்பில் சுற்றி நின்றேன். கூட்டத்தின் கூச்சலில் எனக்குக் கேட்டது அவள் குரல் ஒன்றுதான். பொன்மனைக்காரிகளை இழுத்துவிட்டோம். இறுதிச் சுற்றில் அருமனை ஊர்க்காரிகளிடம் தோற்றோம். வெகுநேரம் தாக்குப்பிடித்துத்தான் தோற்றோம். இரண்டாம் பரிசாகக் கிடைத்த ஏத்தன் வாழைக் குலையைச் சேறும் சகதியுமாகச் சுமந்து, ரப்பர் மரங்களுக்கிடையே பாடிக்கொண்டே நடந்தோம். வழியில் வீட்டு வாசல்களில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அக்கா பின்னால் வந்துகொண்டிருந்தாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் ஒரு வார்த்தை பேச முடியவில்லை அவளால்.

அந்த ஏழு பேரும் மறுபடி ஒன்றாக நிற்கவே இல்லை. பெர்லின் நர்ஸாகக் குவைத்துக்குப் போனாள். சுபிதா கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். பிள்ளையின் படிப்புக்காக நாங்கள் நாகர்கோவிலுக்கு வந்துவிட்டோம். அக்கா இப்போது பால் வெட்டப் போவதில்லை. ஊரில் புதிதாக வந்த மருமகள்களைச் சேர்த்துப் பழக்குகிறாளாம். போன வருஷம் முதல் பரிசு அவர்களுக்குத்தான். இங்கே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சமையலறையில் நிற்கும்போது, மனசு மட்டும் அந்த முற்றத்துக்குப் போய்விடுகிறது.